யெஃபீமின் தேயாத காலணி

யெஃபீம் சுப்த்சோவுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். வைக்கட்டும். நூற்று எழுபது நாள் ஒரே விண்வெளி நிலையத்தில் அவனோடு குடித்தனம் நடத்தியவன் நான்தான். பட்டவனுக்குத் தெரியும்.

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கமே அவனுக்குக் கிடையாது. ஸ்பானரை அப்படியே காற்றில் விட்டுவிட்டுப் போவான். பேனா, கரண்டி, பாதி தின்ற கறுப்பு ரொட்டி எல்லாம் மிதந்து போய் காற்றோட்ட விசிறியின் வலையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அவற்றைப் பொறுக்குவதுதான் என் முதல் வேலை.

"வலையில பாத்தியா, கமாண்டர்?" என்பான், தொலைத்தவன் நான் என்பதுபோல.

பழுது என்று வந்தால் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தண்ணீர்ப் பம்ப் நின்றபோது பதினோரு மணி நேரம் குழாய்களுக்கு நடுவே கிடந்து ஓடவைத்தான். வெளியே வந்து, எங்களிடம் மிச்சமிருந்த ஒரே பூண்டுப் பல்லை நறுக்கிப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினான். இப்படிப்பட்டவனை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது.

அங்கே தினமும் இரண்டு மணி நேரம் டிரெட்மில்லில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கால் வற்றிப்போய், பூமிக்கு வந்ததும் நிற்க முடியாது. தரையிறங்கிய ஐந்தாவது வாரம் அவன் மகள் தமாராவுக்குக் கல்யாணம். "அப்பா, நீங்க என்கூட ஆடணும்" என்று வானொலியில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். "தரை அதிர ஆடறேன்மா" என்று இவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

மதியம் நான் தூங்கும் நேரம்தான் அவன் ஓடும் நேரம். ஏட்டில் 'ஓடினேன்' என்று நாள் தவறாமல் எழுதுவான். கீழே மருத்துவருக்கு ஒரே பூரிப்பு.

நூற்று நாற்பத்தாறாம் நாள் காலை வலையில் அவனுடைய ஓட்டக் காலணி ஒட்டியிருந்தது. திட்டிக்கொண்டே பிடுங்கினேன். அடிப்பாகம் கடையில் வாங்கியபடியே இருந்தது. எனக்கோ மூன்றாவது ஜோடியும் தேய்ந்துவிட்டது.

"என்னடா இது?"

"காலணி."

"கிண்டலா? எத்தனை நாளா ஓடல?"

காலணியை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் காற்றில் விட்டான்.

"சொல்லித் தொலை! மக கல்யாணத்துல படுத்துக்கிட்டேவா ஆடுவே? ஏட்டுல வேற பொய்!"

"நீதானே சொன்னே" என்றான். "மூணாவது வாரம். நான் ஓடுனா நிலையமே ஆடுது, கண்ணை மூட முடியல, இன்னொரு தடவ ஓடுனா கதவத் திறந்து வெளிய தள்ளிடுவேன்னு."

"அது ஏதோ கோவத்துல சொன்னது!"

"ராத்திரியும் நீ தூங்குறதில்ல. மதியம் ரெண்டு மணி நேரம்தான் கண்ணசர்றே. நம்மள பத்திரமா இறக்கப்போறவன் நீ. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

"வேற நேரத்துல ஓடித் தொலைச்சிருக்கலாமே, மடையா!"

"வேற நேரமெல்லாம் பழுது பாக்கவே சரியாப் போச்சே."

அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் சேர்த்து அவன்மேலேயே கோபமாகக் கொட்டினேன்.

மிச்சமிருந்த இருபத்து நான்கு நாளும் நான் மதியம் தூங்கவில்லை. டிரெட்மில்லுக்கு எதிரே மிதந்துகொண்டு, திட்டித் திட்டி அவனை ஓடவைத்தேன். நிலையம் கிடுகிடுவென ஆடியது. ஆனால் நான்கு மாதம் ஓடாத கால் இருபத்து நான்கு நாளில் தேறுமா? தரையிறங்கியபோது நான் தள்ளாடி நின்றேன். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விண்வெளி வீரர்கள் குடியிருக்கும் நட்சத்திர நகரத்து உணவு விடுதியில் கல்யாண விருந்து. அக்கார்டியன் இசை தொடங்கியதும் தமாரா அப்பாவிடம் கை நீட்டினாள். கைத்தடியோடு எழுந்தவன், மகள் கையைப் பிடிப்பதற்காகத் தடியை அப்படியே காற்றில் விட்டான், அது அங்கேயே நிற்கும் என்பதுபோல. தடி தடாலென்று விழுந்தது. அவனும் சரியப் பார்த்தான். நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேருமாக ஆடினோம். அவன் முழுப் பாரமும் என்மேல்தான்.

"ரொம்ப ஆடுதா, கமாண்டர்?" என்று காதோரம் கேட்டான். "தூக்கம் கெடுதா?"

"வாய மூடிக்கிட்டு ஆடு" என்றேன்.