மாமியாருக்குப் பக்கத்தில் பரணி

அச்சாகி வரும் பெரிய தாள்களைப் பக்க வரிசை பிசகாமல் மடித்துக் கொடுப்பது மடிப்பக்காவின் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அந்த பைண்டிங் பட்டறைக்கு வந்தவர். மகள் வயிற்றில் இருந்தபோது, வீட்டோடு இருந்துகொள்ளும்படி முதலாளி சொல்லி அனுப்பினார். அக்கா ஸ்டூலைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, வயிறு மேசையில் இடிக்காதபடி உட்கார்ந்து மடித்தார். அவர் சண்டை போடும் விதமே அதுதான். எழுந்திருக்க மாட்டார். அதற்காக அவரைச் சாது என்று யாரும் சொல்லிவிடவும் முடியாது. அடுத்தவர் மடிப்பில் குறை காணாமல் அவருக்குப் பொழுது போகாது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளியின் அப்பா காலத்தில் பழைய வெட்டு இயந்திரத்தை எடைக்குப் போட ஆள் வந்தார்கள். எல்லாரும் அதை மாமியார் என்றே அழைத்துவந்தார்கள். பெரியவரும் வாய்தவறி அப்படியே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரை எடைக்குப் போட்டால் வீட்டில் சோறு கிடைக்குமா என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து, முதலாளி வாயால் பெயர் சொல்லி அழைத்த எதையும் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை. தைக்கும் இயந்திரம் வாயாடி ஆனது. அதுவும் தப்பித்தது.

மழைக்காலத்தில் சாம்பல் நிறப் பெண் பூனை ஒன்று உள்ளே வந்தது. தாள்கட்டுகளைக் குதறிக்கொண்டிருந்த பெருச்சாளி மறுநாள் காலை வாசலில் செத்துக் கிடந்தது. பூனையின் ஒரு காது கிழிந்திருந்தது. முதலாளிக்குப் பெருச்சாளி போனதில் மகிழ்ச்சிதான். ஆனால் பெண் பூனை குட்டி போட்டு நல்ல தாளையெல்லாம் பாழாக்கும், ஆண் பூனையாகப் பார்த்துக்கொள்ளலாம், சனிக்கிழமை இதைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிடுங்கள் என்றார்.

மடிப்பக்கா தலை நிமிராமல் சொன்னார்: "இங்க எல்லாத்தையும் வயித்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றீங்க."

பகல் சாப்பாட்டு நேரத்தில் பெயர் தேடும் படலம் தொடங்கியது. புத்தகம் கட்டுகிற இடத்துப் பூனைக்கு இலக்கியப் பெயர்தான் வைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வெட்டுக்காரர் வெண்பா என்றார். அதுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடாமே, இது எந்தக் கட்டுக்குள்ள நிக்குது என்று அக்கா தள்ளிவிட்டார். தையல்காரம்மா தலைவி என்றார். வராதவனை நினைத்து வளை கழல மெலிகிறவள் பெயர், மூன்றாவது மீன் தலையை முடித்துக்கொண்டிருந்த பூனைக்குப் பொருந்தவில்லை.

கல்லூரியில் இலக்கியம் படிக்கும் மகளிடம் அன்று மாலை அக்கா கேட்டார். ஆயிரம் யானைகளைப் போரில் வீழ்த்திய வீரனைப் பாடும் நூலுக்குப் பரணி என்று பெயர் என்றாள் மகள். மறுநாள் முதல் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அக்கா சோறு வைத்தார்.

முதலாளி காதுக்கும் போயிற்று. அவர் நாலு எழுத்து படித்தவர், சிரித்தார். "பரணின்னா சும்மாவா? யானையைக் கொன்னவனுக்குப் பாடினது அக்கா. எலி பிடிக்கிறவளுக்கா?"

"யானை உங்க தாளைக் கடிக்கலையே முதலாளி. பெருச்சாளிதானே கடிச்சுது."

சனிக்கிழமை வந்தது. சாக்கை எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. முதலாளியே எடுத்தார். பூனை மாமியாரின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. வா வா என்றார். நாக்கைச் சப்புக்கொட்டினார். அதட்டினார். அது கிழிந்த காதைக்கூட அசைக்கவில்லை. பொறுமை இழந்தவர், அது எதற்கு வருமோ அதைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பரணி, இறங்கி வா."

வாயாடி நின்றது. வெட்டுக்காரர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். முதலாளிக்குத் தான் செய்தது உறைக்கச் சற்று நேரமாயிற்று.

"அவ வரமாட்டா. நீங்களே பேர் சொல்லிக் கூப்பிட்டாச்சு. இனி அவளும் இங்கதான்" என்றார் மடிப்பக்கா, ஸ்டூலை விட்டு எழாமலே.

முதலாளி சாக்கைக் கீழே போட்டுவிட்டுப் போனார்.

அவர் பயந்தது பொய்யில்லை. அடுத்த மாதம் புதிய தாள்கட்டு ஒன்றின் மேல் பரணி குட்டி போட்டது. மேலே இருந்த தாள்கள் பாழாயின. அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கெட்டுப்போன தாள்களைக் குட்டிகளுக்கே விட்டுவிட்டு, மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, மடிக்க உட்கார்ந்தார்.