சீசன் சாப்பாடு

நான் குடும்பங்களைப் படம் எடுப்பவள். கல்யாணம், காதுகுத்து என்று வருஷம் முழுக்க ஒன்றிரண்டு வேலை வந்தாலும் என் பிழைப்பு பண்டிகைகளை நம்பித்தான். தீபாவளி நெருங்கினால் ஒரே நிறத்தில் புடவையும் ஜிப்பாவும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கூப்பிடுவார்கள். அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் கிறிஸ்துமஸ். அந்த மாதங்களில் உலு திராமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் விருந்தாளி மாதிரிதான் வந்து போவேன்.

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்டுவார். திங்கட்கிழமை அவருக்கு லீவு. சீசன் வந்துவிட்டால் அந்த ஒரு நாளையும் எங்கள் வீட்டு அடுப்புக்கே கொடுத்துவிடுவார். கோழிப் பெரட்டல், பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, தெங்கிரி மீன் குழம்பு என்று செய்து, நன்றாக ஆறவிட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளில் அடைத்து பிரீசரில் அடுக்குவார். எதிலும் உருளைக்கிழங்கு போடமாட்டார். உறைந்து உருகினால் மணல் மாதிரி ஆகிவிடுமாம். தேங்காய்ப்பால் சேர்க்கும் குழம்பைப் பால் இல்லாமலே அடைப்பார். நான் சூடு பண்ணும்போது கடைசியில் ஊற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் சீசன் சாப்பாடு.

"பசியோட கேமராவப் பிடிச்சா கை நடுங்கும்லா. பசியாறிட்டுப் போ," என்பார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வந்தேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

அன்றைக்கும் திங்கட்கிழமைதான். நான் ஹாலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு குடும்பத்தின் படங்களில் கண் மூடியிருப்பவர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையில் கரண்டி விழுந்தது. அவர் கரண்டியைக் கீழே போடுகிற ஆள் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். இடது கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கை உடம்போடு சேராமல் தொங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அது வார்த்தையாக இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துப் போயிருந்தது. அவர் சரிவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்தேன். பாரம் தாங்காமல் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வந்து, தன் காடியிலேயே பின்சீட்டில் ஏற்றி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. காதில் விழுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில் மட்டும் வரவில்லை. அதோடு விழுங்குவதும் கெட்டுவிட்டது. தண்ணீரைக் குடித்தால்கூட நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பத்திரியில் அவருக்கு விழுங்கப் பழக்கிய மலாய்ப் பெண் என்னை அருகில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் தயிர் மாதிரி வழவழவென்று அரைக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, தாடையைக் கீழே தாழ்த்தச் சொல்லி ஊட்ட வேண்டும்.

"பெலான்-பெலான், காக்," என்றாள். மெதுவா, அக்கா. நான் தலையாட்டினேன். பழகிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். லாபிஸிலிருந்து அவருடைய அக்கா துணைக்கு வந்தார். அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். புருஷனை இழந்தவர், தைரியசாலி. வந்த கையோடு தம்பியின் வேட்டியைத் துவைத்துப் போட்டார். படம் எடுக்க வர முடியாதென்று சில குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டேன். மற்ற வேலைகளை விட முடியவில்லை. அந்தச் சீசனை விட்டால் வருஷம் முழுக்க எங்களுக்கு வேறு வழியில்லை. அதனால் அவர் செய்ததையே நான் செய்தேன். ஒரு நாள் முழுக்க நின்று கஞ்சி காய்ச்சி, பருப்பும் காய்கறியும் வேகவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்து, சின்னப் பெட்டிகளில் ஊற்றி உறையவைத்தேன். நான் இல்லாத நேரத்தில் அண்ணி எடுத்துச் சூடு பண்ணி ஊட்ட வேண்டும்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் இரண்டு வாய் வாங்கினார். மறுநாள் ஒன்று. அப்புறம் கரண்டி உதட்டில் பட்டவுடன் பல்லைக் கடித்துக்கொள்வார். நான் கெஞ்சினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அண்ணி சாமி பெயரைச் சொல்லி, செத்துப்போன அம்மா பெயரைச் சொல்லி ஊட்டிப் பார்த்தார். அவர் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். விழுங்கப் பயமா, பசி இல்லையா, வலியா? எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டார். தோள் எலும்பு பனியனுக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றது. அதை எடுத்து என் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டேன்.

சனி ஞாயிறுகளில் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். செம்பனைத் தோட்டத்து ஓரப் பாதையில், மழை விட்ட சாயங்கால வெளிச்சத்தில் குடும்பங்களை நிறுத்தி, "அங்கிள், கொஞ்சம் சிரிங்க. அண்ட்டிகிட்ட நெருங்கி நில்லுங்க," என்று சொல்வேன். என் வாய் தானாகச் சொல்லும். மனம் வீட்டில், அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்கும். போன் அதிர்ந்தால் கேமராவை இறக்கிவிட்டு ஓரமாகப் போவேன். எடுத்தால் அண்ணியின் குரல், "இன்னைக்கும் ஒண்ணும் எறங்கலம்மா," என்று சொல்லும். போனை வைத்துவிட்டு மறுபடியும் சிரிக்கச் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் பட்டில் வந்திருந்த ஒரு குடும்பம் முறுக்குத் தட்டோடு படம் எடுக்க ஆசைப்பட்டது. அந்த வீட்டுக்காரர் தன் மனைவிக்கு ஒரு முறுக்கை ஊட்டுவதுபோல் நின்றார். அந்த அம்மா நிஜமாகவே கடித்துவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். முறுக்கு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் கேமராவுக்குள் எனக்கு எதுவுமே தெரியவில்லை. மஞ்சள் நிறம் மட்டும் கலங்கலாக ஆடியது. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனை படமும் மங்கல். அந்த அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அலமாக், மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நாங்க இன்னொரு நாள் வர்றோம். நீங்க மொதல்ல அவரப் பாருங்க," என்றார். அந்த அன்பைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. "இப்படியே போனா உடம்பு தாங்காதுங்க. ஒரு வாரம் பாப்போம். முடியலன்னா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்," என்றார்.

என் கணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி இல்லாததால் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நான்தான் துடைத்தேன்.

காரிடாரில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சு டியூப் போட்டவங்க யாரும் எந்திரிச்சு வந்ததில்லம்மா," என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அதற்கு மேல் என்னிடம் எந்தத் தெம்பும் மிச்சமில்லை.

மறுநாள் மத்தியானம் பிரீசரின் அடியில் கை விட்டேன். விழுவதற்கு முந்தைய வாரங்களில் அவர் சமைத்து வைத்ததில் மூன்று பெட்டிகள் மிச்சமிருந்தன: பெரட்டல், பருப்பு, பூசணிக் கூட்டு. நான் தொடாமல் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இவர் கை உப்பை இவர் நாக்கு மறந்திருக்காது என்று தோன்றியது. ஒவ்வொன்றிலும் பாதியை வெட்டி எடுத்துச் சூடு பண்ணி, கஞ்சியோடு மிக்சியில் போட்டு, நைசாக அரைத்துக்கொண்டு போனேன்.

"நீங்க செஞ்சதுதான். உங்க பெரட்டல். ஒரே ஒரு வாய்."

என்னை உற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார். கரண்டியை வைத்தேன். வாயில் வைத்திருந்தார். முகம் கோணிக்கொண்டு போயிற்று. அடுத்த நிமிஷம் அத்தனையையும் என் மேல் துப்பினார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "சாப்பிடாம சாகப் போறீங்களா? அதையாச்சும் வாயத் தெறந்து சொல்லிட்டுச் சாவுங்க! நான் எங்க போவேன்? எனக்கு யாரு இருக்கா?" என்று கத்தினேன். அண்ணி ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். கிண்ணம் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

அவர் அழவில்லை. கோபமாக இருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு உயிரை நான் பார்த்ததில்லை. இடது கையை நீட்டிச் சமையலறையைக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். தொண்டைக்குள்ளிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அங்க தள்ளிட்டுப் போகச் சொல்றான்மா," என்றார் அண்ணி.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். மேடைமேல் அந்த மூன்று பெட்டிகளும் மூடி திறந்தபடி இருந்தன. அவர் ஒவ்வொன்றாக இழுத்தார். பெரட்டலை ஒரு மூலைக்குத் தள்ளினார். பருப்பை நடுவில் வைத்தார். பூசணியை இந்த ஓரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு மிக்சி ஜாடியைக் காட்டி, தண்ணீர்க் குழாயைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் பெட்டிகளைத் தொட்டார். இது வேறு, இது வேறு, இது வேறு என்று அந்தக் கை சொன்னது.

"தனித்தனியாவா?" என்று கேட்டேன். "தனித்தனியா அரைக்கணுமா? ஒவ்வொண்ணுக்கும் ஜாடியக் கழுவிட்டா?"

கண்ணை மூடித் திறந்தார். தலை லேசாக ஆடியது.

இத்தனை நாளும் நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு கூழாக்கி, இது உங்கள் சாப்பாடு என்று நீட்டியிருக்கிறேன். வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு கறிக்கும் ஒரு கரண்டி என்று வைத்திருந்தவர் அவர். எதை விழுங்குகிறோம் என்றே தெரியாமல் விழுங்கச் சொன்னதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. அல்லது வேறு ஏதாவதா? எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது. அவரால் சொல்ல முடியாது.

மிச்சமிருந்ததைத் தனித்தனியாக அரைத்தேன். நடுவில் ஜாடியைக் கழுவினேன். வெள்ளைத் தட்டில் கஞ்சி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், பூசணி ஒரு பக்கம், பெரட்டல் கடைசியில் கொஞ்சம். அவரே பூசணியைக் காட்டினார். ஊட்டினேன். தாடையைத் தாழ்த்தி மெதுவாக விழுங்கினார். பிறகு பருப்பு. பிறகு மறுபடியும் பூசணி. பெரட்டலை நாக்கில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் விழுங்காமலே வைத்திருந்தார். அண்ணி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. அந்த வாரம் அவர் சாப்பிட்டது போதவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டியூபும் போட்டார்கள். எங்கள் தீபாவளி அந்த வார்டிலேயே போயிற்று. விளக்குக்கும் கோலத்துக்கும் நடுவில் சிரித்த மற்றவர்களின் படங்களைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். அவர் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டியூப் போட்டவர்களைப் பற்றி அண்ணி சொன்னது என் காதைவிட்டுப் போகவே இல்லை.

கிறிஸ்துமஸ் சீசன் முடிகிற சமயத்தில் டியூபை எடுத்தார்கள். அண்ணி லாபிஸுக்குத் திரும்பிப் போய், மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நான் சமைக்கும்போது அவரை அடுப்புப் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். சுவை பார்த்துத் தலையாட்டுவார், அல்லது உதட்டைச் சுழிப்பார். ஒரு வார்த்தை திரும்பி வந்திருக்கிறது. "வேணாம்." பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதையேதான் சொல்கிறார். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். பாதி நேரம் தப்பாகிவிடும்.

வேலைக்குத் திரும்புவார் என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை. சோற்றை முழுசாக மென்று விழுங்க இன்னும் முடியவில்லை. சில நாள் நன்றாகச் சாப்பிடுவார், சில நாள் தட்டைத் தள்ளிவிடுவார். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் இருமினால் என் கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடுகிறது. இருமல் அடங்கி, மூச்சு சீராகி, அவர் மறுபடியும் விரலை நீட்டி அடுத்தது எது என்று காட்டும்வரை நானும் மூச்சு விடுவதில்லை.