அக்கா நீக்க மறுத்த அத்தியாயம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. கண்ணீரோடு எழுத வேண்டிய தம்பி நான், கோபத்தோடு எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர் அக்கா. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, அம்மா மீன்கூடை சுமந்து எங்களை வளர்த்தார். அக்கா மெல்லிசைக் குழுவில் பாடினார். படாளம், சிங்கப்பெருமாள் கோயில் என்று அவர் பாடாத திருவிழா மேடை குறைவு. தன் முறை வரும்வரை மேடைக்குப் பின்னால் அமர்ந்து கைப்பேசியில் கதை எழுதுவார்.

இரண்டாவது நாவலில்தான் வம்பு வந்தது. மனைவியை அடித்து ஒரு காதைச் செவிடாக்கியவனை, 'குடும்ப விஷயம்' என்று ஊர்ப் பெரியவர்கள் தப்பவிட்டதை ஓர் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். பெயர்களை மாற்றியும் ஊருக்குப் புரிந்துவிட்டது. அம்மன் திருவிழாவில் அக்காவின் கச்சேரி இருந்தது. முந்தைய நாள் ஊர்த் தலைவர் வீட்டுக்கே வந்தார்.

"இன்னாம்மா எழுதிக்கீற? ஊரு மானம் போவுது. அத்த எடுத்துடு. இல்லாங்காட்டி மேடை ஏறாத."

"அடிச்சப்ப போவாத மானம், எழுதுனா பூடுமா அண்ணாத்த?" என்றார் அக்கா.

கச்சேரியை நிறுத்திவிட்டார்கள். அடித்தவன் தேர்வடம் பிடித்தான், எழுதியவருக்குத் தடை! இதற்குப் பெயர் நியாயமா?

அக்கா அழவில்லை. திருவிழா அன்று காலை, மீன் ஏலம் முடிந்ததும் படகுகளுக்கு நடுவே நின்று பாடினார். ஆண்கள் சிலர் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அடிபட்ட பெண்மணியும் அவர்களில் ஒருவர். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"அது என் கததான். ஒரு எழுத்தக்கூட எடுக்காத யக்கா" என்றார், அத்தனை பேர் காதிலும் விழும்படி.

அதன்பின் அக்காவைச் சொந்த ஊர் மேடை கடைசிவரை அழைக்கவே இல்லை. வெளியூர்கள் அழைத்தன. தொண்டைப் புற்றுநோய் குரலைப் பறித்த பிறகும் எழுதினார். கடைசி நாவல் பாதியில் நிற்கிறது.

இன்று அதே பெரியவர்கள் 'எங்கள் ஊரின் பெருமை' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். நினைவுநாளில் பேச நேரம் கேட்டு ஊர்த் தலைவரே வந்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ மேடைல நின்னு பாடத்தான கேட்டா. குடுத்தியா நைனா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அக்காவைத் தாயாய்ப் பார்த்துக்கொண்ட செங்கல்பட்டு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், கடைசிவரை தேடி வந்த இசைக்குழு நண்பர்களுக்கும், வியாபாரத்தை விட்டுவிட்டு முறைவைத்துத் துணைக்கு இருந்த மீன்காரப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

படையல் முடிந்ததும் அந்த அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கப் போகிறோம். கேட்க மனமில்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.