ஃபரிதா அக்காவின் அரைக் கிண்ணக் கஞ்சி

பதினைந்து வருட நீரிழிவில் என் வயிறு மந்தமாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, குழைவாகச் சாப்பிடும்படி டாக்டர் சொன்னார். நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவும் கூச்சம்.

ஒரு மதியம் இன்சுலின் போட்டுக்கொண்டு, அலுவலக நண்பர்களோடு சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் மட்டன் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தேன். பாதியிலேயே மேசையோரம் வாந்தி எடுத்துவிட்டேன். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. நண்பர்கள் திகைத்து நின்றார்கள்.

கடைக்கார ஃபரிதா அக்கா ஓடி வந்தார்.

"இன்சுலின் போட்டீங்களா?"

தலையாட்டினேன். சாப்பாடு தங்காமல் போனதால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. உடனே சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்தார். நடுக்கம் அடங்கியதும் தரையைத் துடைக்கக் குனிந்தேன்.

"நீங்க உக்காருங்க லா. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான், அஞ்சு வருஷமா பாத்துக்கிறேன்" என்று அவரே துடைத்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கணவருக்குக் காய்ச்சிய கஞ்சியில் அரைக் கிண்ணம் எடுத்து வைத்தார்.

"இவ்வளவுதானா அக்கா?"

"இப்ப இவ்வளவுதான். மூணு மணிக்கு இன்னும் கொஞ்சம். சாப்பிட்டதும் படுக்காதீங்க, ரெண்டு சுத்து நடங்க."

டாக்டர் சொன்னதேதான். ஆனால் அன்று அது எனக்குள் இறங்கியது. சாயங்காலமே நண்பர்களிடம் என் நோயைச் சொன்னேன். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்; இப்போது வாந்தி எப்போதாவதுதான் வருகிறது.

அடுப்பு வெக்கையில் நின்று ஊருக்கே பிரியாணி போடும் அந்த அம்மா, ஒரே ஒருவரின் வயிறு எவ்வளவு தாங்கும் என்பதையும் மறக்காமல் இருக்கிறார். அவ்வளவு அக்கறையை என் உடம்பின்மேல் நானே வைத்ததில்லை.