நாகம் தீண்டிய மஞ்சள் கரு

காஜா பெராங் வட்டாரத்துச் சந்திரமதிக்கு நாக்கும் கையும் வேகம். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த வருடம், மலாக்காவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவள் உதவியாளர்; நான் கிளார்க்.

ஒருநாள் காலை பசியோடு அவள் அறைக்குள் நுழைந்தேன். கொதிநீரில் இரண்டு கண்ணாடிக் குவளைகள், இரண்டிலும் முட்டையின் மஞ்சள் கரு. ஒன்று கெட்டியாகிவிட்டது. மற்றது அரைவேக்காடாகத் தளதளவென்று இருந்தது. அரைவேக்காட்டு முட்டையில் பசியாறிப் பழகிய நம் ஊர்க்காரன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா? சோயா கிச்சாப் ஊற்றிக் குடிக்கலாமென்று எடுக்கப் போனேன். பளாரென்று என் கையில் ஓர் அடி.

“அலாமாக்! தொடாதீங்க, நாகப்பாம்பு விஷம் கலந்திருக்கேன். விஷத்துல இருக்கிற நொதி கருவோட கொழுப்ப வெட்டிடுச்சு, அதான் கட்டியாகல. ரத்தத்துல கலந்தா செல்லோட கொழுப்புச் சவ்வையே வெட்டிப் போட்டுடும்.”

“நல்லவேளை, நம்ம உடம்புல அது இல்ல.”

“யார் சொன்னா? நம்மகிட்டயும் இருக்கு. ஆனா பாம்பு மாதிரி கண்டபடி வெட்டாது, துளிதான் வெட்டும். அந்தத் துண்டு உள்ள போய் செல்லுக்குச் சேதி சொல்லும்னு எனக்குத் தோணுது.”

அவள் ஊகம் சரியென்று ஆய்வாளர்கள் பிற்காலத்தில் காட்டினார்கள். எனக்கு வந்த சேதிக்கு ஆய்வாளர் தேவைப்படவில்லை. அடித்த கையாலேயே அவள் என் விரல்களைப் பிடித்து, விஷம் பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே பெண் கேட்க ஆளனுப்பினேன்.