பிரிட்ஜில் ஐஸ் கரைத்த ஞாயிறு

உருகத் தொடங்கிய ஐஸுக்கென்று ஒரு வாடை உண்டு. என்றைக்கோ வைத்த மீன், இட்லி மாவின் புளிப்பு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்த மல்லிகைச் சரம், இவற்றோடு ஈரத் தகரத்தின் நெடியும் கலந்து, சிக்கல் கிராமத்தில் எங்கள் வீட்டு நடு அறை முழுவதும் பரவிக்கிடக்கும் அந்த வாடையை, எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது வந்த ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, நான் பயமில்லாமல் முகர்ந்ததே இல்லை.

அந்தப் பிரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு வந்ததே அத்தைக்காகத்தான். அய்யாவின் ஒரே தங்கை பூங்கொடி அத்தைக்குப் பதினாறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரைக்கு அடங்காத வகை, ஆயுள் முழுக்கத் தினம் இரண்டு வேளை ஊசி போட்டால்தான் உயிர் தங்கும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு வருடம் மருந்துப் புட்டிகளை ஈர மணலில் புதைத்த மண்கலயத்துக்குள் வைத்துத்தான் காப்பாற்றினோம். பிறகு ஏர்வாடியில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அய்யா, அவர்கள் விற்ற ஒற்றைக் கதவுப் பிரிட்ஜை வைக்கோல் சுற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் "பிரிட்சி". வாரம் திரும்புவதற்குள் தெருவில் பாதிப் பேருடைய மாவும் பூவும் அதற்குள் குடியேறிவிட்டன. கதவின் உட்புறத்தில் முட்டை வைக்கும் குழிகளுக்கு மேலிருந்த தட்டு மட்டும் அத்தையுடையது. அங்கே இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டிகள் எப்போதும் நிற்கும். ஒன்று எடுத்துக்கொண்டிருப்பது, ஒன்று கையிருப்பு.

அத்தை பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம் என்பதால் அக்காளைப் போலத்தான் பழகினேன். ஒரே பாயில் படுத்தோம். காலையில் அவள் புட்டியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, பால் கலந்த தண்ணீர்போல அது வெளுத்ததும் ஊசியில் இழுத்து, தொடையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல எனக்குச் சடை பின்ன உட்காருவாள். ஒரே ஒரு முறை, பெண் பார்க்க வந்தவர்கள் ஊசி விஷயம் தெரிந்து எழுந்து போன வாரத்தில், இரண்டு நாள் வேண்டுமென்றே ஊசி போடாமல் இருந்து மயங்கி விழுந்திருக்கிறாள். அய்யா அதை மறக்கவே இல்லை.

அந்தப் பழைய பெட்டியில் தெருவே கதவைத் திறந்து மூடினால் என்ன ஆகும்? மேலே இருந்த ஐஸ் அறையில் பனி ஏறி ஏறி, ஒரு மாதத்தில் அதன் சின்னக் கதவே சாத்த முடியாதபடி "ஐஸுப் பாறை" வளர்ந்துவிடும். முதல் தடவை அய்யா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா குறுக்கே நின்றுவிட்டாள்.

"குத்தாதீக. அந்தத் தகடுக்குள்ளதான் கேஸு ஓடுதாம். ஓட்ட விழுந்துச்சுன்னா பெட்டி அம்புட்டுத்தேன். டெம்போக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

அதன் பிறகு அது அம்மாவின் வேலையானது. மாதம் ஒரு ஞாயிறு காலையில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, வயரை ஈரம் படாமல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எதையும் தொடுவாள். தெருக்காரர்களின் மாவையும் பூவையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சச் சாமான்களை நிழலில் அடுக்கி, மருந்துப் புட்டிகளை மட்டும் ஈரத்துணி சுற்றிப் பழைய மண்கலயத்துக்குள் இறக்குவாள். தரையில் சாக்கை விரித்து, ஐஸ் அறைக்குள் மடித்த துணிமேல் ஒரு கிண்ணம் சுடுதண்ணீர் வைத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தானாகக் கரையட்டும் என்று காத்திருப்பாள். கொதிக்கும் தண்ணீரை ஊற்ற மாட்டாள், கத்தியைக் கிட்டே கொண்டுவர விடமாட்டாள். பாறை இளகி ஓரம் விட்டதும் கையாலேயே பெயர்த்து அன்னக்கூடையில் போடுவாள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு நாள்.

நான் சொல்ல வந்த ஞாயிறன்று, சுடுதண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கொஞ்ச நேரத்தில் தெற்கே வானம் கறுத்தது. களத்தில் எங்கள் வருட விளைச்சலான மிளகாய் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மழை பட்டால் அத்தனையும் சொத்தையாகிவிடும். அய்யாவும் அம்மாவும் அத்தையும் சாக்குகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"செல்வி, நீ இங்கனயே இரு" என்றாள் அம்மா. "தண்ணி நெறைஞ்சா எடுத்து ஊத்து. பிளக்குப் பக்கம் போகாத. நாங்க வாரோம்."

மேகம் மட்டும் வந்தது, மழை வரவில்லை. ஆனால் அள்ளிய மிளகாயை விட்டுவிட்டு வரமுடியாமல் அவர்கள் அங்கேயே நின்றுவிட, நண்பகல் கழிந்து புழுக்கம் ஏறியது. நான் கலயத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஈரத்துணி காய்ந்துபோய் வெதுவெதுப்பாக இருந்தது. சூடு பட்டால் மருந்து செத்துப்போகும் என்று அம்மா சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். துணியை நனைத்துத் திரும்பச் சுற்றியிருந்தால் போதும். எனக்கு அது போதாதென்று தோன்றியது.

முந்தின வருடம் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழாவுக்குப் போனபோது குல்பி ஐஸ் விற்றவரிடம், ஐஸுக்குள் ஏன் உப்பைக் கொட்டுகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். "உப்பு போட்டாத்தாம்மா குளிரு ஏறும்" என்று சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்தது. இளகியதும் நான் பெயர்த்து அன்னக்கூடையில் போட்டிருந்த ஐஸை அம்மிக்குழவியால் நொறுக்கி, மூடிபோட்ட தூக்குவாளியில் நிரப்பி, இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு, நடுவில் இரண்டு புட்டிகளையும் புதைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் தூக்குவாளியின் வெளிப்பக்கம் வெள்ளை வெளேரென்று பனி பூத்தது. அத்தையின் உயிரையே காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு பெருமை.

வெயில் சாயும் நேரத்தில் திறந்து பார்த்தால், புட்டிகளுக்குள் மருந்து கல்லாக உறைந்திருந்தது. அத்தை உருட்டுவதுபோல உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டி உருட்டி, வாயால் ஊதி, பழையபடி தண்ணீராகும்வரை விடவில்லை. பிறகு துணியை நனைத்துச் சுற்றிக் கலயத்துக்குள் வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினேன். அம்மா வந்து, பெட்டியைத் துடைத்து, கொஞ்சம் உலரவிட்டுப் பிளக்கைச் சொருகி, புட்டிகளை எடுத்துக் கதவுத் தட்டில் வைத்தாள்.

அன்று ராத்திரி மங்கிய விளக்கில் அத்தை எப்போதும்போல ஊசி போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை புட்டியை உருட்டிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னமோ திரிதிரியா தெரியுதே" என்றாள்.

நான் பக்கத்தில் சடைக்கு ரிப்பனோடு நின்றுகொண்டிருந்தேன். சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அவள் இன்னொரு முறை உருட்டினாள், இழுத்தாள், போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயந்திரமே அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை பால்வாடியிலிருந்து பாதியில் வந்து படுத்துவிட்டாள். புதன்கிழமை வாந்தி எடுத்து, மூச்சு வேகவேகமாக வாங்கி, கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாமல் கண் சொருகியபோது, அய்யா ஒரு வேனைப் பிடித்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இனிமேல் அத்தை வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் வெறும் பாயில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. புட்டிதான் காரணம் என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். அத்தை கண் விழித்திருந்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது; உதடெல்லாம் வெடித்து, ஐந்தே நாளில் பாதியாகியிருந்தாள். அய்யா கட்டில் ஓரம் நின்று, சுற்றியிருந்தவர்கள் காதில் விழுவதைப் பற்றிக் கவலைப்படாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கன ஊசி போட்டதும் சக்கர எறங்குதுல்ல? அப்ப வீட்ல நீ போடலேன்னுதான அர்த்தம்? போன தடவ மாதிரி ஏமாத்திப்புட்ட."

"போட்டேண்ணே."

"பொய் சொல்லாத பூங்கொடி. இந்த உசுரக் காப்பாத்த நாங்க எம்புட்டுப் பாடுபடுறோம்."

"சத்தியமாப் போட்டேண்ணே" என்றாள் அத்தை. அதற்குமேல் பேசத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியதை நான் பார்த்தேன்.

அந்தச் சமயம் டாக்டரம்மா வந்தார். நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம், வேளை தவறாமல் ஊசி போடவேண்டும், மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

"ரெண்டு புட்டி பிரிட்ஜுல இருக்குங்கம்மா" என்றாள் அம்மா. "இனிமே நானே பக்கத்துல நின்னு போடச் சொல்லுறேன்."

மறுபடியும் அதே புட்டிகள். "அந்த மருந்து வேண்டாம்" என்று நான் சொன்னது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்லி, தூக்குவாளி, உப்பு, கல்லாக உறைந்தது, உருட்டி உருகவைத்தது என்று எல்லாவற்றையும் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அய்யாவிடம் திரும்பி, "ஒறைஞ்சு எளகுன மருந்துல சக்தி இருக்காதுங்க. ஊசி போட்டும் போடாத மாதிரிதான். அந்தப் புட்டி ரெண்டையும் தூக்கிப் போட்டுருங்க, புதுசு வாங்குங்க" என்றார்.

அய்யா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, அத்தையிடம் "நீ போட்டுத்தான் இருக்க" என்றார்.

"அதத்தானண்ணே நானும் சொன்னேன்" என்றாள் அத்தை.

பிறகு என்னைப் பார்த்தாள். "திரிதிரியா இருக்குன்னு நான் சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாத்தை."

"அப்பச் சொல்லியிருக்கலாம்ல."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா திட்டியதும், தெருவில் ஆளாளுக்குக் கேட்டதும் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அந்த முதுகு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை என்னோடு பேசாமல் இருக்கவில்லை, சடைகூடப் பின்னிவிட்டாள். ஆனால் புட்டிகளை நான் தொட விட்டதில்லை. எதிர்த்த வீட்டிலும் ஒரு பிரிட்ஜ் வந்துவிட்டது. ஐஸ் கரைக்கும் நாளில் மருந்தை அங்கே வைத்து வாங்குவது என்று ஏற்பாடானது. ஒவ்வொரு மாதமும் அத்தையே எடுத்துக்கொண்டு போவாள், அவளே போய் எடுத்து வருவாள். அடுத்த வருடம் மிளகாய் வந்து முடிந்த சமயம், ஒரு ஞாயிறன்று, அம்மா பிளக்கைப் பிடுங்கியதும் அத்தை இரண்டு புட்டிகளையும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அங்கன கொண்டுபோயி வச்சுட்டு வா. கதவுத் தட்டுல வையி."

இருபது அடி அகலம்கூட இல்லாத தெருவை நான் அன்று எப்படிக் கடந்தேன் என்பதை எழுத எனக்கு இப்போதும் வரவில்லை.

இன்று நான் ராமநாதபுரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் பிரிட்ஜில் ஐஸ் ஏறுவதே இல்லை. ஏறினாலும் தானே கரைத்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, யாருடையது எது என்று பார்த்து, தெருவைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கும் நாள் என்று ஒன்று இல்லை. சாக்கு விரிப்பதும் சுடுதண்ணீர்க் கிண்ணமும் இல்லை. அந்தப் பழைய பெட்டி ரொம்ப நாள் சிக்கல் வீட்டு மாட்டுக்கொட்டகையில் விதை மிளகாய் வைக்கும் பீரோவாக நின்று, பிறகு இரும்புக்காரரோடு போயிற்று. அய்யா போய்ப் பத்து வருடமாகிறது. அடுத்து அம்மாவும் போய்விட்டாள். அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். அவளுடைய ஊசி இப்போது பேனாபோல வருகிறது.

நாற்பது வருடமாக அந்த ஞாயிறைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. போன மாதம், மதியம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, "என் மேல உனக்குக் கோவம் எப்பத்தை தீந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"கோவம் இருந்துச்சுதான்" என்றாள். "ஆனா நீ அன்னைக்கு வாயத் தொறக்கலேன்னு வையி, அண்ணன் சாகுற வரைக்கும் நான் ஊசி போடாம ஏமாத்துனேன்னே நெனச்சுட்டுப் போயிருக்கும். நீ சொன்னியே, எனக்கு அது போதும்."

மிச்சமிருந்த இரண்டு மீனையும் ஆய்ந்து போட்டுவிட்டு, அத்தை கை கழுவ எழுந்து போனாள்.