சஃபியாவின் காலுக்கு ஏற்ற ரின்ஸ்

"அக்கா, கார்பெட் க்ளீன் பண்றவங்கதானே? எம் பொண்ணு நடக்க மாட்டேங்கறா. இன்னிக்கே வர முடியுமா?"

போனில் இப்படி ஒரு பெண் கேட்டதும், டாக்டருக்குப் போட வேண்டிய நம்பரை மாற்றிப் போட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "ஏம்மா, நான் கார்பெட்டும் சோபாவும் கழுவுறவ" என்றேன். "தெரியும்க்கா. அந்தக் கார்பெட்டாலதான் நடக்க மாட்டேங்கறா" என்றாள்.

என் பெயர் கோமதி. வீடு சின்ன காஞ்சிபுரம். கல்யாணமான புதிதில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தேன். பிறகு நானும் வீட்டுக்காரரும் ஒரு எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தோம். தண்ணீரைப் பீய்ச்சி, அழுக்கோடு உடனே உறிஞ்சி எடுக்கிற மெஷின் அது. பட்டுப் புடவைக் கடைகளில் கஸ்டமர் உட்காரும் கார்பெட், கல்யாண மண்டபம், பள்ளிவாசல், வீடுகள் என்று எல்லா இடத்திலும் கழுவியிருக்கிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கறையைப் பற்றித்தான். காபிக் கறைக்கு என்ன, குங்குமத்துக்கு என்ன என்பார்கள். கடைசி அலசலுக்கு, அதாவது ரின்ஸுக்கு, என்ன போடுவது என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கல்லாகிப் போன கம்பளி

வீடு ஐயம்பேட்டையில். மெஷினைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். போன் செய்த ஷகிலா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் கணவர் அன்வர் ஜரிகைக் கடையில் வேலை பார்ப்பவர்; கடைக்குப் போயிருந்தார்.

ஹாலின் ஓரத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. பெயர் சஃபியா. பிறவியிலேயே பார்வை இல்லை. நாங்கள் உள்ளே நுழைந்த சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பியது.

ஷகிலா சொன்ன கதை இது. சஃபியாவுக்கு வெறும் தரையில் நடக்கப் பயம். இரண்டு மூன்று தடவை விழுந்து அடிபட்டிருக்கிறாள். அன்வர் நல்ல கம்பளிக் கார்பெட் ஒன்றை வாங்கி வந்து, வாசலில் இருந்து சமையல்கட்டு வரைக்கும் ஹாலில் விரித்தார். அதன் மேல்தான் அவள் நடக்கவே கற்றுக்கொண்டாள். கையைப் பிடிக்காமல் சமையல்கட்டுக்கு வருவாள், அத்தா வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள்.

"போன வாரம் ஜுரத்துல அது மேல வாந்தி எடுத்துட்டாக்கா. நானே மொட்ட மாடிக்குத் தூக்கினு போயி, சோப்புத் தூளு போட்டு, பிரஷ்ஷால தேச்சு, போர் தண்ணியில அலசிக் காயப்போட்டேன். விரிச்ச உடனே காலு வெச்சவ, வெடுக்குனு எடுத்துட்டா. இது நம்மது இல்லம்மான்னு அழுதா. அதுலருந்து எங்க போனாலும் தூக்கினு போம்மான்றா. ஜூன்ல ஸ்கூலுக்கு அனுப்பணும்க்கா."

மகள் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "எங் கையாலயே அவ வழிய அழிச்சிட்டேன்."

நான் குனிந்து கார்பெட்டைத் தொட்டேன். கோணி மாதிரி சொரசொரவென்று இருந்தது. விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது. ஈரத் துணியை வைத்து அழுத்தி, காரமா புளிப்பா என்று காட்டும் பி.ஹெச். தாளை அதில் ஒற்றினேன். தாள் கரும்பச்சைக்குப் போனது. சோப்புத் தூளின் காரம் அப்படியே உள்ளே நின்றுவிட்டது என்று அர்த்தம். கம்பளியும் பட்டு மாதிரிதான். காரம் உள்ளே தங்கினால் இழை முரடாகிவிடும். அதோடு நம்ம ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சோப்பும் அந்த உப்பும் சேர்ந்து ஒவ்வொரு இழையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வழி அழியலம்மா. அடைச்சினு இருக்குது, அவ்ளோதான். தொறந்துடலாம்" என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

2. மூன்று மூலைகள்

ரின்ஸில் வழக்கமாக எனக்கு மூன்று வழி. முதலாவது, வெறும் மென்தண்ணீர். அதாவது உப்பு எடுத்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டாவது, சாஃப்ட்னர் கலந்த ரின்ஸ். மண்டபக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும், கை வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும், வாசனையும் தூக்கும். மூன்றாவது, லேசான சிட்ரிக் ஆசிட் ரின்ஸ்; மிச்சம் இருக்கும் காரத்தை அடித்து, இழையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சாயப்பட்டறையில் சாயம் போட்ட நூலைக் கடைசியாகப் புளிப்புத் தண்ணீரில் முக்கி எடுப்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

சாயம் இறங்குகிறதா என்று ஓரத்தில் வெள்ளைத் துணி வைத்துப் பார்த்தேன். கார்பெட்டின் அரக்கு நிறம் அசையவில்லை. பிறகு மூலைக்கு ஒன்றாக மூன்று ரின்ஸையும் போட்டு, மெஷினால் உறிஞ்சி, இழையைச் சீவி, ஃபேன் காற்றில் காயவைத்தேன்.

காய்ந்ததும் ஷகிலா தொட்டுப் பார்த்தாள். சாஃப்ட்னர் மூலையில் அவள் கை நின்றுவிட்டது. "இதுதான்க்கா! புதுசு மாதிரி இருக்குது. இதையே போட்டுடுங்க." எனக்கும் அதுதான் தோன்றியது. பூனைக்குட்டி முதுகு மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் கேனைத் திறக்கவே போய்விட்டார்.

ஏனோ எனக்கு ஒரு தயக்கம். இதில் நடக்கப்போவது ஷகிலா இல்லையே. சஃபியா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, மூணு எடம் காட்றேன். கையாலயும் தொடலாம், காலாலயும் தொடலாம். எது ஒன்னோடதுன்னு எனக்குச் சொல்றியா?"

"நீங்க யாரு?"

"கார்பெட்டுக் கழுவுற ஆன்ட்டி."

சற்று யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். வெறும் தண்ணீர் போட்ட மூலையில் விரலை வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "கஞ்சி போட்ட துணி மாதிரி இருக்குது." சரிதான், காரம் பாதிதான் போயிருந்தது.

அடுத்தது சாஃப்ட்னர் மூலை. தடவிப் பார்த்தாள், சிரித்தாள். ஷகிலா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆனால் குழந்தை திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் தடவினாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல வாசல் இல்ல."

எங்களுக்குப் புரியவில்லை. அவளைச் சிட்ரிக் ரின்ஸ் போட்ட மூலைக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்தபடியே உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளினாள். பிறகு அதே வழியில் திருப்பி இழுத்தாள். இன்னொரு தடவை. முகம் மலர்ந்தது.

"இப்டிப் போனா வழவழன்னு இருக்குது, அம்மா இருப்பாங்க. இப்டி வந்தா சொரசொரன்னு குத்தும், வாசலு. இது எங்களுது!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்தக் கம்பளிக் கார்பெட்டுக்கும் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்வோடு போனால் வழுக்கும், எதிர்த்துப் போனால் லேசாகத் தடுக்கும். நாம் கவனிப்பதே இல்லை. இந்தக் குழந்தைக்கு அதுதான் வழி காட்டும் பலகை. சோப்பு காய்ந்து இறுகியபோது சாய்வு மறைந்தது. சாஃப்ட்னரோ எல்லா இழைக்கும் ஒரே மாதிரி வழுவழுப்புப் பூசி, போகிற பக்கத்தையும் வருகிற பக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டது.

ஷகிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங் கொரலு கேட்டுத்தான் வரான்னு இத்தினி நாளா நெனச்சினு இருந்தேன்க்கா. நான் பேசாத இருந்தாலும் கரெக்டா வருவா. எப்டிடீன்னு கேட்டா சிரிப்பா."

3. பாதி தூரம்

வேலை எளிதாக இல்லை. முதலில் மென்தண்ணீரைப் பீய்ச்சி, உறிஞ்சும் குழாயில் நுரை நிற்கும்வரை எடுத்தோம். ஐயம்பேட்டைத் தண்ணீர்க் கேன் கடைக்கே வீட்டுக்காரர் பலமுறை போய்வந்தார். சூடு ஆகாது, கம்பளி சுருங்கிவிடும். எல்லாம் பச்சைத் தண்ணீர்தான். பிறகு சிட்ரிக் ரின்ஸ். காரம் போய், பி.ஹெச். தாள் மஞ்சளுக்கு வந்த பிறகு, குழந்தையின் தோலுக்காக, மறுபடி ஒரு தடவை மென்தண்ணீர் ஓட்டினோம். கடைசியில் இழை முழுவதையும் ஒரே பக்கமாகச் சீவினோம். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தினோம்.

நடுவில் ஒரு இடத்தில், ஷகிலா பிரஷ்ஷால் தேய்த்த வேகத்தில், கம்பளி திரண்டு இறுகியிருந்தது. எவ்வளவு முயன்றும் அது மட்டும் சரியாகவில்லை. இதை அவள் கால் கண்டுபிடித்துவிடுமே என்று எனக்குக் கவலை.

மறுநாள் சாயங்காலம் போய் விரித்தோம். சாய்வு சமையல்கட்டுப் பக்கம் இருக்கும்படி பார்த்து விரித்தோம். அன்வரும் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். சஃபியாவை வாசல் பக்கம் இறக்கிவிட்டு ஷகிலா சமையல்கட்டு நிலைப்படியில் போய் நின்றாள். கூப்பிடவில்லை. நீட்டிவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குழந்தை ஒரு காலை வைத்தது. கட்டை விரலால் முன்னும் பின்னும் உரசிப் பார்த்தது. மறு காலையும் வைத்தது. பிறகு நடந்தது.

நடுவில் அந்தத் திரண்ட இடத்தில் கால் பட்டதும் நின்றாள். குனிந்து கையால் தடவினாள்.

"இது என்னாது ஆன்ட்டி, புதுசா?"

"அது போவல கண்ணு. ரொம்ப முயற்சி பண்ணோம்."

"இருக்கட்டும்" என்றாள் பெரிய மனுஷி மாதிரி. "இது வந்தா பாதி தூரம் வந்துட்டேன்னு தெரியும்ல."

மிச்ச தூரத்தை அவள் நடக்கவில்லை, ஓடினாள். நேராகப் போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அன்வர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷகிலா துடைத்துக்கொள்ளவே இல்லை; அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் சாஃப்ட்னர் கேன் என் வண்டியில் இருக்கிறது. கேட்பவர்களுக்குப் போடுகிறேன், அது கெட்ட சரக்கு இல்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், கறை எங்கே என்று கேட்பதற்கு முன்னால், இதில் யார் உட்காருவார்கள், யார் நடப்பார்கள், யார் படுத்திருப்பார்கள் என்று கேட்கிறேன். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருப்பார், தவழும் பிள்ளை இருக்கும், மூச்சிரைப்பு உள்ளவர் இருப்பார். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கேனைத் திறக்கிறேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கறையைப் பார்த்து சோப்பை எடுங்கள். கம்பளியா, நைலானா என்று பார்த்து ஆசிட்டை அளவாகக் கலக்குங்கள். ஆனால் இதுதான் சரி என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு மூலையில் மட்டும் போட்டு, அதில் வாழப்போகிறவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கைக்குத் தெரியாதது அவர்களின் காலுக்குத் தெரியும்.